படிகம் மாற்றியவர்கள்

ஐபிஎம் 1984 ஆகஸ்டில் வெளியிட்ட பிசி ஏடி கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினால், மதர்போர்டில் விரல் நகம் அளவுக்கு ஓர் உலோக டப்பி தெரியும். அதற்குள் ஒரு சீவல் குவார்ட்ஸ் படிகம். கரன்ட் பாய்ந்ததும் அது நொடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் தடவை அதிரும், அதாவது 12 மெகாஹெர்ட்ஸ். இன்டெல் 80286 ப்ராசஸர் அந்தத் துடிப்பைப் பாதியாக்கிக்கொண்டு 6 மெகாஹெர்ட்ஸில் வேலை பார்க்கும்.

அந்த டப்பியை ஐபிஎம் சோல்டர் வைத்து ஒட்டவில்லை, சாக்கெட்டில் செருகியிருந்தது. செருகியதைப் பிடுங்கலாம் அல்லவா? ஏடி வாங்கியவர்களில் சிலர், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில டாலருக்குக் கிடைத்த 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வாங்கிவந்து அதே இடத்தில் செருகினார்கள். கம்ப்யூட்டர் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. துணிச்சல்காரர்கள் 18 மெகாஹெர்ட்ஸ் படிகம் போட்டு 9-ஐத் தொட்டார்கள். ஹார்டு டிஸ்க்கோடு வாங்கினால் ஐயாயிரம் டாலரைத் தாண்டும் இயந்திரத்தில், ஐந்து நிமிட வேலையில் கிடைத்த லாபம் இது.

ப்ராசஸரை விற்ற வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பிறந்தது இங்கேதான் என்பது என் கட்சி. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியைக் காட்டுபவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டியில் படிகத்தை மாற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது. அதில் இருந்த முக்கியப் படிகம் ஒன்றுதான்: 14.31818 மெகாஹெர்ட்ஸ். அதை மூன்றால் வகுத்தால் 4.77, அது ப்ராசஸருக்கு. நான்கால் வகுத்தால் 3.58, அது அமெரிக்கக் கலர் டிவியின் வண்ண சிக்னலுக்கு. பன்னிரண்டால் வகுத்தால் 1.19, அது நேரம் காட்டும் டைமருக்கு. 5 மெகாஹெர்ட்ஸுக்குத் தகுதியான 8088 ப்ராசஸர் 4.77-ல் ஓடியதற்குக் காரணமே, ஒரே படிகத்தில் எல்லாவற்றையும் முடித்துக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்குதான். அந்தப் படிகத்தைத் தொட்டால் கடிகாரம் ஓட்டமெடுக்கும், திரையில் வண்ணம் காணாமல் போகும். (இந்தியாவில் கலர் டிவி 1982-ல், ஏஷியாட் போட்டிகளையொட்டித்தான் வந்தது, அதுவும் வேறு முறையில். ஆனாலும் அமெரிக்க டிவிக்காகக் குறித்த அந்த 14.318, பல பத்தாண்டுகளுக்கு உலகத்து மதர்போர்டுகளிலெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது.)

ஏடியில் ஐபிஎம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ப்ராசஸருக்குத் தனிப் படிகம், டைமருக்குத் தனிப் படிகம். ஒன்றை மாற்றினால் மற்றது கலங்காது. சாக்கெட் ஒரு வசதி மட்டுமே. வேகத்தைக் கூட்டுவதைச் சாத்தியமாக்கியது இந்தப் பிரிவினைதான். பின்னால் வரும் கதை முழுக்க இதே விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்: எதைக் கூட்டினால் கூடவே வேறு எது கூடுகிறது?

ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பிந்தைய ஏடிகளின் பயாஸில் ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது தன் வேகத்தைத் தானே அளந்து பார்க்கும், 6 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியிருந்தால் பூட் ஆக மறுத்துவிடும். பிறகு 1986-ல் ஐபிஎம்மே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியைக் கடைக்கு அனுப்பியது.

6 என்று விற்ற சிப் எப்படி 8-ல் ஓடுகிறது? சிலிக்கான் வேஃபரிலிருந்து வெட்டி எடுக்கும் சிப்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான், ஆனாலும் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்து, எந்த வேகம் வரை பிழை செய்யவில்லை என்று பார்த்து, அதற்கும் கொஞ்சம் கீழே ஓர் எண்ணை மேலே அச்சடிக்கிறார்கள். அந்தக் "கொஞ்சம் கீழே" எதற்கு? சூடான அறை, தூசி படிந்த ஃபேன், ஏறி இறங்கும் வோல்டேஜ், பல வருட உழைப்பு, இத்தனைக்கும் நடுவில் சிப் தப்புக் கணக்குப் போடக்கூடாது என்பதற்காக. இது தவிர வியாபாரக் காரணம் ஒன்றும் உண்டு. மாம்பழ மண்டியில் சின்னப் பழத்துக்கு ஆர்டர் குவிந்து, வந்த லாரி முழுக்கப் பெரிய பழமாக இருந்தால், பெரியதையும் சின்னக் கூடையில் போட்டுத்தான் அனுப்புவார்கள். சிப் தொழிலிலும் அப்படியே. உற்பத்தி நன்றாக இருக்கும் காலத்தில், வேகமாக ஓடக்கூடிய சிப்கள் மலிவான எண்ணைச் சுமந்துகொண்டு கடைக்கு வரும். ஓவர்கிளாக் செய்பவர் தேடுவது அந்தக் கூடையைத்தான்.

1992-ல் வந்த 486 டிஎக்ஸ்2 வழியை மாற்றியது. மதர்போர்டு 33 மெகாஹெர்ட்ஸில் நடக்க, சிப் தனக்குள் அதை இரண்டால் பெருக்கி 66-ல் ஓடியது. பெருக்கும் எண்ணுக்கு மல்டிப்ளையர் என்று பெயர். இனி படிகத்தைப் பிடுங்க வேண்டாம், மதர்போர்டில் ஒரு ஜம்பரை நகர்த்தினால் போதும். வசதி யாருக்கென்று பேதம் பார்ப்பதில்லை. 1990-களின் நடுவில், மலிவான பென்டியம் சிப்பின் முதுகில் இருந்த எண்ணைச் சுரண்டி, பெரிய எண்ணை அச்சடித்து விற்கும் கும்பல்கள் கிளம்பின. இன்டெல் அதைக் காரணமாகக் காட்டி மல்டிப்ளையரைச் சிப்பிலேயே பூட்டிவிட்டது. மோசடிக்காரர்களுக்குப் போட்ட பூட்டில் பொழுதுபோக்குக்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

மல்டிப்ளையர் பூட்டிக் கிடந்தால் மிச்சம் இருப்பது பஸ் வேகம், அதாவது மல்டிப்ளையர் பெருக்கும் மதர்போர்டின் அடிப்படை வேகம். அதைக் கூட்டினார்கள், பழைய வம்பு திரும்பி வந்தது. அன்றைய மதர்போர்டுகளில், கார்டுகளைச் செருகும் பிசிஐ ஸ்லாட்டுகளின் வேகம் பஸ் வேகத்திலிருந்தே வகுத்து எடுக்கப்பட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் என்றால் பிசிஐ 33, அதுதான் நியாயம். பஸ்ஸை 83-க்கு ஏற்றினால் பிசிஐ 41.5-க்குப் போய்விடும். ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் அந்தப் பாதையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ப்ராசஸர் ஜம்மென்று ஓடும், கேம் வேகமாக ஆடும், பின்னால் ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படும் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் இன்டெலின் மலிவு ரக ப்ராசஸர் செலரான் 300ஏ வந்தது. 1998 ஆகஸ்ட். எனக்குத் தெரிந்து ஒரு புதியவர் பயமில்லாமல் செய்யக்கூடிய ஓவர்கிளாக் என்ற ஒன்று பிறந்தது அந்தச் சிப்போடுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அந்த வருடம் ஏப்ரலில் இன்டெல் விட்ட முதல் செலரான், எல்2 கேஷ் என்னும் வேக நினைவகமே இல்லாமல் வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதைச் சரிக்கட்ட, 300ஏ சிப்பில் 128 கேபி கேஷை ப்ராசஸரின் உடம்பிலேயே வைத்தார்கள். விலை உயர்ந்த பென்டியம் 2-ல் கேஷ் 512 கேபி இருந்தது, ஆனால் அது தனிச் சிப்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் சின்னக் கேஷ் முழு வேகத்தில் ஓடியது. பின்னால் இழுக்க வெளிச் சிப் எதுவும் இல்லாததால், ப்ராசஸர் எவ்வளவு தூரம் போகிறதோ கேஷும் கூடவே போகும். மட்டம் என்று பெயர் வைத்து விற்ற சரக்கு, வடிவமைப்பில் மேலானதாக அமைந்துவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 300ஏ-யின் மல்டிப்ளையர் 4.5, பூட்டியது. பஸ் 66. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 300. அதே வருடம் வந்த 440பிஎக்ஸ் சிப்செட் மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை முறைப்படியே ஆதரித்தன. 4.5-ஐ நூறால் பெருக்கினால் 450, அன்று இன்டெல் விற்ற மிக வேகமான பென்டியம் 2-ன் எண். முக்கியமான விஷயம் அடுத்தது. பஸ் 100-ல் இருக்கும்போது அந்த மதர்போர்டு பிசிஐக்கு அதை மூன்றால் வகுத்து 33 கொடுக்கும். மெமரி, கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், எல்லாமே தனக்கென்று எழுதிய வேகத்திலேயே ஓடும். வரம்பு மீறுவது ப்ராசஸர் ஒன்று மட்டும். 1984-ல் ஏடியின் தனிப் படிகம் கொடுத்த அதே பிரிவினை, பதினான்கு வருடம் கழித்து ஒரு வகுத்தல் கணக்காகத் திரும்பி வந்தது.

ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற போர்டுகளில் இதைச் செய்ய மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். பயாஸுக்குள் "சாஃப்ட்மெனு" என்ற பக்கத்தில் 66-ஐ 100 ஆக்கி, சேவ் செய்துவிட்டு வெளியே வந்தால் முடிந்தது. வேகத்தைச் சிப் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் போர்டு வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு வழி. செலரான் அட்டையின் விளிம்பில் வரிசையாகத் தங்கப் பூச்சுப் பட்டைகள் இருக்கும். அதில் பி21 என்ற பட்டைதான் "நான் 66 ஆள்" என்று போர்டுக்குச் சொல்லும். அதன் மேல் ஒரு துணுக்கு செலோ டேப் ஒட்டினாலோ, நெயில் பாலிஷ் தடவினாலோ அதன் வாய் அடைபடும். போர்டு 100 என்று எடுத்துக்கொள்ளும். ஓடவில்லையா, டேப்பைப் பிய்த்துவிடலாம். பழைய நிலைக்கு உடனே திரும்ப முடிகிறது என்பது இந்த வித்தையின் பெரிய பலம்.

எல்லாச் சிப்பும் 450-க்கு வரவில்லை. கொஞ்சம் முரண்டு பிடித்தவை, 2.0 வோல்ட்டைச் சற்றே ஏற்றியதும் வழிக்கு வந்தன. "ஓடுகிறது" என்றால் என்ன என்ற கேள்வி அப்போதுதான் சூடுபிடித்தது. விண்டோஸ் திறந்தால் ஓடுகிறது என்று அர்த்தமா?

பதில் எதிர்பாராத பக்கத்திலிருந்து கிடைத்தது. 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர், மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சி ஒன்றைத் தொடங்கினார். ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் ப்ரைம்95 என்ற நிரலை ஓட்டுவார்கள். ஓர் எண்ணைச் சோதிக்க வாரக் கணக்கில் ஆகும், நடுவில் ஒரே ஒரு பிழை நேர்ந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே கம்ப்யூட்டர் நம்பகமானதா என்று கண்டுபிடிக்க நிரலுக்குள்ளேயே ஒரு "டார்ச்சர் டெஸ்ட்" வைத்திருந்தார். ராட்சத எண்களைத் தசமக் கணக்கில் பெருக்கும் முறை அது. பெருக்கி முடித்ததும் விடை முழு எண்ணுக்கு மிக அருகில் வந்தாக வேண்டும். வராவிட்டால், ரவுண்டிங் பிழை 0.5 வந்திருக்கிறது, 0.4-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரி காட்டிச் சோதனை நின்றுவிடும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகியிருக்காது, மவுஸ் நகரும், பாட்டு பாடும். ஆனால் ப்ராசஸர் பொய் சொல்லத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. ஓவர்கிளாக் செய்பவர்கள் அந்தச் சோதனையைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கனடா என்ற பேராசிரியரின் ஆய்வகம் பை மதிப்பைக் கணிக்க எழுதிய நிரலிலிருந்து வந்த சூப்பர் பையும் இப்படித் தத்துப் பிள்ளையானதே. பந்தயம் கட்டுவதற்கு சூப்பர் பை, மனசாட்சிக்கு ப்ரைம்95.

அடுத்து, இன்டெலின் போட்டியாளர் ஏஎம்டி. 2000-ல் வந்த அத்லான், டூரான் சிப்களின் மேல்பக்கத்தில் எல்1 என்று குறித்த இடத்தில் நுண்ணிய உலோகப் பாலங்கள் துண்டிக்கப்பட்டிருக்கும். மல்டிப்ளையருக்குப் போட்ட பூட்டு அது. கூரான பென்சிலால் அந்த இடைவெளிகளில் கோடு இழுத்தால், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்திப் பூட்டைத் திறந்துவிடும். ஓவர்கிளாக்கிங் வரலாற்றிலேயே அழகான வித்தை இதுதான் என்பேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்.

அந்தச் சிப்களின் இன்னொரு முகம் அவ்வளவு அழகில்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. அத்லான் கண்மூடித் திறப்பதற்குள் புகைந்து போனது. அதற்குப் பின் வந்த சிப்களில் படிப்படியாக, குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால் வேகம் குறைக்கும், மீறினால் மெஷினையே நிறுத்தும் ஏற்பாடு உள்ளேயே வந்துவிட்டது. இன்று முதல்முறை முயல்பவர் சூட்டில் சிப்பைக் கொன்றுவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லாததற்கு, அந்தப் புகைக்கும் ஒரு பங்கு உண்டு.

வோல்டேஜ் வேறு ரகம். அது உடனே கொல்லாது. 2002-ல் வந்த நார்த்வுட் பென்டியம் 4-க்கு ஒன்றரை வோல்ட்தான் அளவு. அதை 1.7 வரை ஏற்றினால் அபார வேகம் கிடைத்தது, ஆளாளுக்கு ஏற்றினார்கள். சில வாரம், சில மாதம் கழித்து, நேற்றுவரை ஓடிய வேகத்தில் இன்று ஓடவில்லை. கொஞ்சம் குறைத்தால் ஓடியது, பிறகு அதிலும் ஓடவில்லை, கடைசியில் செத்தே போனது. மின்னோட்டத்தின் உந்துதல் சிப்புக்குள் இருக்கும் நுண் கம்பிகளின் உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் இத்தகைய தேய்மானத்துக்குச் சொல்லப்படும் காரணம். முதலில் வேகம், வேறு வழியில்லாவிட்டால் மட்டும் வோல்டேஜ், அதுவும் துளித்துளியாக என்ற வரிசை அந்தச் சாவுகளுக்குப் பிறகு உறுதிப்பட்டது. கணக்கும் அதையே சொல்கிறது. சிப்பின் மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 4 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டில் ஓடும் சிப்பை 4.4-க்கும் 1.3-க்கும் ஏற்றினால் வேகம் 10 சதவீதம் கூடும், சூடு 29 சதவீதம் கூடும்.

2011-ல் இன்டெல் பூட்டுச் சாவியையே வெளிப்படையாக விலைக்கு விற்றது. சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் எல்லாப் பாகங்களின் கடிகாரமும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸில் கட்டப்பட்டுவிட்டதால், பஸ்ஸை அசைக்க அதிகம் இடமில்லை. அதற்குப் பதில் 2500கே, 2600கே என்று கே எழுத்து போட்ட சிப்களுக்கு மட்டும் மல்டிப்ளையர் முழுதாகத் திறந்துவிடப்பட்டது, கொஞ்சம் கூடுதல் விலைக்கு. மதர்போர்டும் அதற்கேற்றதாக வாங்க வேண்டும். ஏஎம்டி 2017-ல் ரைசன் சிப்கள் அத்தனையையும் பூட்டில்லாமல் விட்டது. திருட்டுத்தனமாகச் செய்த காரியம் பெட்டியின் மேல் அச்சடித்த வசதியாகிவிட்டது.

ஆக, இன்று ஒருவர் முதல்முறை செய்யும் ஓவர்கிளாக்கில் இத்தனை பேரின் கைரேகை இருக்கிறது. முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்வது, 83 மெகாஹெர்ட்ஸில் ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுத்தவர்களின் உபயம். பிறகு எதையும் மாற்றாமல் ப்ரைம்95-ஐ ஓட்டி, இருக்கிற நிலையில் சூடு எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். இருக்கிற நிலையிலேயே 90 டிகிரியைத் தொட்டால், முதலில் வாங்க வேண்டியது நல்ல கூலர். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் அளவுகளை அப்படியே நம்பவும் கூடாது. அவை பெரும்பாலும் 20 டிகிரி சொச்சம் உள்ள அறையில் எடுத்தவை. ஏசி இல்லாத அறையில், கத்திரி வெயிலில் 38 டிகிரி என்றால், ஏறத்தாழ அந்த வித்தியாசம் முழுவதும் சிப்பின் சூட்டில் போய்ச் சேரும். டிசம்பரில் நின்ற ஓவர்கிளாக் மே மாதத்தில் தடுமாறுவது இதனால்தான்.

சரி என்றால், மல்டிப்ளையரில் ஒன்று மட்டும் கூட்ட வேண்டும். அது 100 மெகாஹெர்ட்ஸ். கால் மணி நேரம் சோதனை. தாங்கினால் இன்னொன்று. ஓரிடத்தில் பிழை வரும், அல்லது மெஷின் நின்றுபோகும். அங்கே கைவசம் இருப்பது இரண்டு வழி: ஒரு படி இறங்கி நின்றுகொள்வது, அல்லது வோல்டேஜை நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வோல்ட் ஏற்றிப் பார்ப்பது. முதல் தடவைக்கு இறங்குவதே போதும். வோல்டேஜை "ஆட்டோ"வில் விடுவதுதான் இங்கே பலரும் கவனிக்காத பள்ளம். சிப் மயங்கிவிடக் கூடாதே என்று பல மதர்போர்டுகள் தேவைக்கு மேலேயே ஊட்டிவிடும். மெஷின் பூட்டே ஆகாமல் போனால், எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்து, கிளியர் சிமாஸ் ஜம்பரை இணைத்தாலோ, பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டினாலோ எல்லாம் பழையபடி திரும்பும். கடைசியாகப் பிழையில்லாமல் ஓடிய வேகத்துக்கும் ஒரு படி கீழே வைத்து, ஓர் இரவு முழுக்கச் சோதனையை ஓடவிட வேண்டும். 300-ஐ 450 ஆக்கிய காலம் போல ஐம்பது சதவீதம் எல்லாம் கிடைக்காது. ஐந்து வந்தாலே நல்ல சிப். ஏனென்றால் 2008 வாக்கில் தொடங்கிய டர்போ பூஸ்ட் வகை ஏற்பாடுகள் சூட்டையும் கரன்டையும் நொடிக்கு நொடி அளந்து, கூடையில் மிச்சமிருந்த வேகத்தைத் தாங்களே எடுத்துக் கொடுத்துவிடுகின்றன.

அந்தத் தானியங்கியும் தவறும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பல, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே கேம் நடுவில் நின்றுபோனது 2024-ல் பெரிய விவகாரமானது. சிப்புக்குள் இருந்த மைக்ரோகோட் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அந்தத் தலைமுறை கே சிப் வைத்திருப்பவர், மல்டிப்ளையர் பக்கம் போவதற்கு முன் மதர்போர்டில் அந்தத் திருத்தம் அடங்கிய பயாஸ் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட சிப்பை அந்த அப்டேட் மீட்காது, வாரண்டியில் மாற்றித்தான் வாங்க வேண்டும்.